அந்த 'நாங்க'வுல நான் இருக்கேனா?

போன சனிக்கெழம மத்தியானம் பொண்ணு ரூம்லேருந்து கத்துறா, "மா, நாங்க எப்போ சாப்பிட போறோம்?" நான் அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டே, "நீங்க எப்ப வேணா போங்க, நான்தான் வரலயே"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் கதவுகிட்ட வந்து நின்னு மொறைக்கிறா. "வாட்? நீங்களும்தானே வர்றீங்க. நாங்க எல்லாரும் சேந்துதானே போறோம்?"

பிரைமரி ஃபைவ் படிக்கிறா. தமிழ்ல நல்ல மார்க்குதான் வாங்குறா, கட்டுரையெல்லாம் பழமொழி போட்டு அழகா எழுதுவா, ஆனா 'நாம'ங்கற சொல்லு மட்டும் அவ வாயில வரவே மாட்டேங்குது. எல்லாத்துக்கும் நாங்கதான். எனக்கு அத கேக்கும்போதெல்லாம் யாரோ என்ன வெளிய நிக்க வச்சு கதவ சாத்திட்டு உள்ளேருந்து சாப்பிட கூப்பிடுற மாதிரி இருக்கும். அவளுக்கு அப்படி ஒரு கதவு இருக்கறதே தெரியாது.

அவள சொல்லி குத்தமில்ல. இங்கிலீஷ்ல ஒரே ஒரு 'வீ'தான். கேக்குற ஆளு அதுக்குள்ள இருக்கானா இல்லயான்னு அது கண்டுக்கறதே இல்ல. தமிழ்ல அப்படி நழுவ முடியாது, வாயத் தொறந்த ஒடனே எதிர்ல நிக்கிறவன் உள்ளயா வெளியயான்னு முடிவு பண்ணியாகணும். பழைய தமிழ்லயே யாம்னா கேக்கறவன் சேத்தி இல்ல, நாம்னா கேக்கறவனும் சேத்தி. யாம் போயி அந்த எடத்துக்கு நாங்கள் வந்துருச்சு, ஆனா நடுவுல போட்ட கோடு ரெண்டாயிரம் வருஷமா அழியாம கெடக்கு. தெலுங்குல மனம், மேமு. மலையாளத்துல நம்மள், ஞங்கள். கன்னடத்துலதான் அது எப்பவோ அழிஞ்சு நாவுன்னு ஒண்ணா ஆயிருச்சு. இங்க சிங்கப்பூர்ல பசங்க வாயில அழியறத நான் என் வீட்டு டைனிங் டேபிள்லயே பாத்துக்கிட்டிருக்கேன். 2020 சென்சஸ்ல வீட்டுல அதிகமா பேசற மொழி தமிழ்னு சொன்னவங்க 2.5 சதவீதம், இங்கிலீஷ்னு சொன்னவங்க 48.3. அந்த 2.5க்குள்ள இருக்கற வீட்டுலயே நெலம இதுதான்.

சரி, ஒரு சின்ன இலக்கணத் தப்பு, டீச்சர் திருத்திட்டு போவாங்க, இதுக்கு ஒரு பதிவான்னு நீங்க கேக்கலாம். எனக்கு அது சின்ன விஷயம் இல்ல. ஏன்னா என் வாழ்க்கையில ஒரு ஒம்போது வருஷம் நான் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு யார்ட்டயும் சொன்னதில்ல.

நான் மன்னார்குடி பக்கம். 2007ல கல்யாணம் ஆயி இங்க வந்தேன். வீட்டுக்காரர் இங்கயே பொறந்து வளந்தவரு, அவங்க தாத்தா காலத்துலயே வந்துட்டாங்க. மாமியார் பொறந்தது செம்பவாங்ல, அவங்க அப்பா வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்துல வேல பாத்தவரு, அங்க குவார்ட்டர்ஸ்ல மலையாளிங்க, மலாய்க்காரவங்க, சீனவங்க நடுவுல வளந்தவங்க. மாமனார நான் பாத்ததில்ல, முன்னாடியே தவறிட்டாரு. ஈசூன்ல அஞ்சு ரூம் வீடு. அத்தை, நாங்க ரெண்டு பேரு, கொழுந்தன்.

வந்த மொத வாரமே சமையல்கட்டுல ஆரம்பிச்சிருச்சு. "நாங்க மசாலா பாக்கெட் வாங்க மாட்டோம்மா, கஃப் ரோட்டு மில்லுல குடுத்துதான் அரைப்போம்." "நாங்க சோத்துல ஒரு பண்டான் எல போடுவோம்." "நாங்க இதுக்கு சிலி பாடிதான், பச்ச மொளகா போட மாட்டோம்." நெத்திலி கருவாடுன்னு நான் சொன்னா, அத்தை ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, "ஓ, இக்கான் பிலிஸா"ம்பாங்க. கோவமா எல்லாம் சொல்ல மாட்டாங்க. எங்க அத்தை கெட்டவங்க இல்ல, அத மொதல்லயே சொல்லிர்றேன், சீரியல் மாமியார் மாதிரி நெனச்சுராதீங்க. எனக்கு மொத தடவ காய்ச்சல் வந்தப்ப ராத்திரி முழுக்க முழிச்சு நெத்தியில துணி நனைச்சு போட்டவங்க அவங்கதான். ஆனா அந்த 'நாங்க' இருக்கே, அது ஒவ்வொரு தடவையும் ஒரு செங்கல்ல எடுத்து வைக்கிற மாதிரி. அவங்க வைக்கறோம்னு தெரிஞ்சு வைக்கல, அதுதான் கஷ்டமே.

அதோட ஜோடி சொல்லு ஒண்ணு உண்டு. "நீங்க ஊர்ல எப்படி செய்வீங்களோ தெரியாது." இந்த நீங்க மரியாத நீங்க இல்ல, என்ன எப்பவும் வா போதான். இது கும்பல் நீங்க. நான் ஒருத்திதான் அடுப்புகிட்ட நிக்கிறேன், ஆனா எனக்கு பின்னாடி ஒரு நாடே வரிசையா நிக்கிற மாதிரி. இட்லி கல்லு மாதிரி இருந்தா அது என் கைப்பக்குவம் இல்ல, இந்தியாவோட கைப்பக்குவம். யோசிச்சு பாருங்க, மன்னார்குடியில இருந்தப்ப நான் யாரோட பிரதிநிதியாவும் இருந்ததே கெடயாது. நான் நானாத்தான் இருந்தேன், தெருவுல வாயாடின்னு பேரு. காலேஜ்ல பட்டிமன்றத்துல பேசி கப்பெல்லாம் வாங்கிருக்கேன். எங்கப்பா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட, "இவள கட்டிக்கிட்டு போறவன் காதுல பஞ்சு வச்சுக்கணும்"னு சொல்லுவாரு. அதுல ஒரு பெரும.

அந்த வாயாடி இங்க வந்து மூணே மாசத்துல காணாம போயிட்டா.

எப்படின்னு எனக்கே தெரியல. ஒரு வார்த்த சொன்னா, "அப்படின்னா என்னா?"ன்னு கேப்பாங்க, திருப்பி வேற மாதிரி சொல்லணும், அதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிரும். இங்கிலீஷ் பேசுனா லிஃப்ட்ல நிக்கிற பிள்ளைங்க சிரிக்குதோன்னு ஒரு நெனப்பு. அதனால கொஞ்சம் கொஞ்சமா சுருக்கமா பேச ஆரம்பிச்சு, அப்பறம் தலையாட்டறதோட நிறுத்திக்கிட்டேன். ஒருநாள் வீட்டுக்காரரோட ஃப்ரெண்ட்ஸ் வந்திருந்தாங்க, நான் கோப்பி கலக்கிக்கிட்டிருக்கேன், ஹால்ல இவரு சொல்றது காதுல விழுது, "என் வொய்ஃப் ரொம்ப கொயட் டைப்." எனக்கு சிரிப்புதான் வந்திருக்கணும். வரல. ஓ, நான் கொயட் டைப் போலருக்குன்னு தோணுச்சு. அதுக்கப்பறம் அத காப்பாத்த ஆரம்பிச்சிட்டேன். யாராவது வந்தா, கொயட் டைப்பு எப்படி நிக்குமோ அப்படி நிப்பேன். 2010ல என் தம்பி இங்க வந்து ரெண்டு நாள் எங்க வீட்டுல இருந்துட்டு, மூணாம் நாள் தனியா கூப்பிட்டு கேக்கறான், "என்னக்கா, ஒடம்புக்கு ஏதாவது சரியில்லயா?"

சார்லஸ் கூலின்னு ஒரு அமெரிக்க சமூகவியல்காரரு 1902லயே இத எழுதி வச்சிட்டாரு. அடுத்தவங்கதான் நமக்கு கண்ணாடின்னு. வெறும் கண்ணாடின்னு சொல்லிட்டு விடல, அதுல மூணு படி இருக்குங்கறாரு. அவங்க கண்ணுக்கு நான் எப்படி தெரியறேன்னு நானா கற்பன பண்றேன், அத பாத்து அவங்க என்ன நெனப்பாங்கன்னும் நானாத்தான் கற்பன பண்றேன், அப்பறம் அதுக்கு பெருமையோ வெக்கமோ படறதும் நான்தான். மூணு படியிலயும் அடுத்தவங்க வாயத் தொறக்கவே இல்ல, கவனிச்சீங்களா. லிஃப்ட்ல அந்தப் பிள்ளைங்க என் இங்கிலீஷுக்கு சிரிச்சிச்சுங்களா, இல்ல அதுங்க ஃபோன்ல எதையோ பாத்து சிரிச்சிச்சுங்களா, இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. ஆனா அதுக்காக நான் ஒரு வருஷம் லிஃப்ட்ல வாயத் தொறக்கல.

இப்பல்லாம் ரீல்ஸ்ல ஒருத்தர் விடாம சொல்றாங்க, அடுத்தவங்க என்ன நெனக்கிறாங்கன்னு கவலப்படாத, நீ யாருங்கறத நீயே முடிவு பண்ணுன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. நடக்கற காரியமான்னுதான் எனக்கு டவுட்டு. கோர்டன் கேலப்னு ஒருத்தர் 1970ல சிம்பன்சிகளுக்கு மயக்க மருந்து குடுத்து, புருவத்து மேலயும் காதுலயும் செவப்பு சாயம் வச்சு, முழிச்சதும் கண்ணாடிய காட்டுனாரு. கண்ணாடிக்கு ஏற்கனவே பழகுன சிம்பன்சிங்க நேரா தன் நெத்தியத் தொட்டு பாத்துச்சு, அதாவது அது நான்தான்னு அதுக்கு தெரிஞ்சிருக்கு. அத எல்லாரும் பேசுவாங்க. அடுத்து செஞ்சததான் யாரும் பெருசா பேச மாட்டாங்க. குட்டியிலேருந்து வேற சிம்பன்சியே கண்ணுல படாம தனியா வளந்த சிம்பன்சிகளுக்கும் அதே மாதிரி பண்ணி பாத்தாங்க. அதுங்களுக்கு அது தான்னு தெரியவே இல்ல. எவ்வளவு நாள் கண்ணாடிய வச்சாலும் உள்ள யாரோ இருக்காங்கன்னுதான் பாத்துச்சுங்க. தன்ன பாக்க இன்னொரு ஆளு வேணும்போல. அந்தக் குரங்க நெனச்சா எனக்கு இன்னிக்கும் வயித்த என்னமோ பண்ணும்.

அந்த நாட்கள்ல நான் நானா இருந்த ஒரே ஒரு வார கடைசி ஞாபகம் இருக்கு. 2008ல அத்தை ஜோகூர்ல சொந்தக்காரங்க கல்யாணம்னு நாலு நாள் போயிட்டாங்க. கொழுந்தன் அப்ப என்எஸ்ல, அதான் கட்டாய தேசிய சேவையில, இருந்தான், சனிக்கெழம புக் அவுட் ஆயி வருவான், துணி மூட்டையோட வந்து விழுந்து தூங்குவான், எந்திரிச்சா பசி. அன்னிக்கு சமையல்கட்டு என் கையில. எங்கம்மா வைக்கிற மாதிரியே மட்டன் கொழம்பு வச்சேன், சோம்பு தாளிச்சு, தேங்கா அரைச்சு ஊத்தி, பெரிய பெரிய துண்டா உருளக்கெழங்கு போட்டு. அத்தை உருளக்கெழங்கு போட மாட்டாங்க, கறி ருசிய கெழங்கு குடிச்சிரும்பாங்க. கொழுந்தன் ஒண்ணுமே சொல்லல, ரெண்டாவது தடவ சோறு வாங்குனான், தட்ட வழிச்சு நக்குனான், போயி திரும்ப தூங்கிட்டான். நான் பாத்திரத்த கழுவி கவுத்துட்டு, உருளக்கெழங்கு தோல தனியா ஒரு பையில கட்டி ரப்பிஷ் ஷூட்ல போட்டேன். ஏதோ கொல பண்ணிட்டு தடயத்த மறைக்கிற மாதிரி. இப்ப நெனச்சா சிரிப்பா இருக்கு, அன்னிக்கு கை நடுங்குச்சு.

பக்கத்து வீட்டுல ஒரு மக்சிக், அதான் மலாய்க்கார ஆன்ட்டி. அத்தையும் அவங்களும் முப்பது வருஷ பழக்கம். காலையில கதவ தட்டி ரெண்டு பேரும் மலாய்ல என்னமோ சிரிச்சு பேசிட்டு மார்க்கெட்டுக்கு கெளம்பிருவாங்க. எனக்கு அப்ப மலாய் ஒரு வார்த்த தெரியாது. ரெண்டு மூணு வருஷம் காதுல விழுந்து விழுந்துதான் வெளங்குச்சு, மலாய்லயும் ரெண்டு இருக்கு. கித்தான்னா கேக்கறவங்களும் சேந்து, காமின்னா கேக்கறவங்க இல்லாம. சீனவங்க பேசற ஹாக்கியன்லயும் இப்படி உண்டாம். அதாவது அத்தை வளந்த அந்த செம்பவாங் குவார்ட்டர்ஸ்ல வாசல்ல நின்னு பேசற முக்காவாசி மொழியிலயும் இந்தக் கோடு இருந்திருக்கு, வெள்ளைக்காரன் மொழியிலதான் இல்ல. அத்தை மக்சிக்கிட்ட என்ன சொல்லுவாங்கன்னா, "ஜோம், கித்தா பெர்கி பாசார்." வா, நாம மார்க்கெட் போவோம். வேற இனம், வேற மதம், வேற மொழி. அவங்களுக்கு கித்தா. ஒரே கூரைக்கு கீழ, அவங்க பேரப்பிள்ளைய வயித்துல சுமக்கப்போற எனக்கு நாங்க. அது வெளங்குன அன்னிக்கு நான் பாத்ரூம்ல குழாய தெறந்துவிட்டுட்டு அழுதேன். தண்ணி பில்லு தனி.

இன்னொரு பக்கம் பாத்தா, சும்மா கெடைக்கிற 'நம்ம'வுக்கும் கொறச்சல் இல்ல. தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, எந்தக் கடைக்கு போனாலும், "நம்ம கடதான், வாங்கக்கா"ம்பாங்க. ஊர்லேருந்து புதுசா வந்தவங்க எம்ஆர்டில பாத்து, "நீங்க நம்மூரா?"ன்னு கேப்பாங்க. அதே கேள்விய அத்தைகிட்ட ஒருத்தர் கேட்டாரு, "ஊரெல்லாம் இல்ல தம்பி, இங்கதான்"னு பட்டுனு சொல்லிட்டு திரும்பிக்கிட்டாங்க. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா, இவங்களும் ஒரு 'நம்ம'லேருந்து தப்பிச்சு ஓடிக்கிட்டுதான் இருக்காங்க. இத்தன வருஷமா இங்கயே பொறந்து வளந்தும் யாராவது ஊரு எதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, புதுசா ஊர்லேருந்து வந்து நிக்கிற மருமகள கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்த தோணும். எனக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் இருக்குன்னு அவங்க தெனமும் யாருக்கோ சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியிருந்துச்சு. அந்த யாரோ நான் இல்ல. இத புரிஞ்சிக்க எனக்கு ரொம்ப நாளாச்சு, புரிஞ்சதுக்கப்பறமும் கோவம் முழுசா போயிரலன்னு வைங்க.

2016. கொழுந்தனுக்கு கல்யாணம் ஆச்சு. பொண்ணு மலேசியாவுல ஈப்போ. எனக்கு உள்ளுக்குள்ள கிலி. மலாய் பேசுவா, பண்டான் எல தெரியும், இக்கான் பிலிஸ்னா என்னன்னு அவளுக்கு விளக்க வேண்டாம், அத்தைக்கு அப்படியே பொருந்திருவா, ஒம்போது வருஷமா நான் வாசல்ல நிக்கிறேன், இவ நேரா உள்ள போயி உக்காந்துருவான்னு நெனச்சேன்.

வந்த ரெண்டாவது மாசம், ஒரு ஞாயித்துக்கெழம. நாங்க மூணு பேரும் சமையல்கட்டுல. நான் வெங்காயம் உரிக்கிறேன், அத்தை கறிய வதக்கறாங்க, புதுப்பொண்ணு ஒரு கிண்ணத்துல உருளக்கெழங்க தோல் சீவி, துண்டு போட்டு, தண்ணியில போட்டு எடுத்துக்கிட்டு அடுப்புகிட்ட வர்றா. அத்தை அகப்பைய தூக்கி நிறுத்திட்டு, "இதெல்லாம் வேணாம்மா. நாங்க மட்டன்ல உருளக்கெழங்கு போட மாட்டோம்"னாங்க. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "இல்லம்மா?"ன்னாங்க.

ஒரு வினாடி புரியல. அப்பறம் புரிஞ்சிது. அந்த நாங்கவுல நான் இருக்கேன்.

ஒம்போது வருஷமா நான் 'நாம'வுக்கு காத்திருந்தேன். வாசல் அந்தப் பக்கம்தான் இருக்குன்னு நெனச்சிருந்தேன். ஆனா உள்ள கூப்பிட்டது 'நாங்க'. இன்னொருத்தி வெளிய வந்து நின்னதுக்கப்பறம்தான் எனக்கு உள்ள எடம் கெடச்சுது. காதெல்லாம் சூடாயிருச்சு, அப்படி ஒரு சந்தோஷம், பொய் சொல்லல. நான் தலையாட்டினேன். "ஆமா அத்தை, போட மாட்டோம்"னு வாயால வேற சொன்னேன். எங்கம்மா உருளக்கெழங்கு போடாம மட்டன் வச்சதே இல்ல. இத எழுதறப்பயும் அம்மா மொகம் முன்னாடி வருது.

அந்தப் பொண்ணு கிண்ணத்த பாத்தா, என்ன பாத்தா, கிண்ணத்த எடுத்துக்கிட்டு போயி ஃப்ரிட்ஜ்ல வச்சா. அவ்வளவுதான். அந்த மொகம் எனக்கு நல்லா தெரிஞ்ச மொகம், 2007ல இதே சமையல்கட்டுல இதே ஃப்ரிட்ஜ் கதவு பக்கத்துல நின்ன மொகம். தெரிஞ்சும் நான் ஒண்ணும் சொல்லல. அதுக்கப்பறம் ஒரு வருஷம் போல, என் வாயிலேருந்தே வந்துச்சு அது. "நாங்க இந்த பாத்திரத்த இதுக்கு எடுக்க மாட்டோம்மா." "நாங்க வெள்ளிக்கெழம கறி எடுக்க மாட்டோம்." அத்தைய விட ஜாஸ்தியா நான்தான் சொல்லிருப்பேன்.

ஹென்றி தாஜ்ஃபெல்னு ஒருத்தர். போலந்துல பொறந்த யூதர், ரெண்டாம் உலகப்போர்ல பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ஜெர்மன்காரங்ககிட்ட கைதியா மாட்டி, போர் முடிஞ்சு வெளிய வந்து பாத்தா குடும்பத்துல கிட்டத்தட்ட எல்லாரும் போயிட்டாங்க. அப்படிப்பட்ட ஆளு பிற்பாடு பிரிஸ்டல்ல உக்காந்து என்ன செஞ்சாருன்னா, பதினாலு பதினஞ்சு வயசு ஸ்கூல் பசங்கள கூப்பிட்டு, ரெண்டு ஓவியரோட படங்கள காட்டி எது பிடிக்குதுன்னு கேட்டு, அத வச்சு ரெண்டு குரூப்பா பிரிச்சிட்டேன்னு சொன்னாரு. நெசமா அவரு பிரிச்சது குருட்டாம்போக்குல. தான் எந்த குரூப்புன்னு மட்டும்தான் பசங்களுக்கு தெரியும், கூட வேற யாரு இருக்காங்கன்னு தெரியாது, மத்தவங்கள்லாம் வெறும் நம்பர்தான். அப்பறம் காசு பங்கு பிரிக்க சொன்னாரு. பசங்க தன் குரூப்புக்கு அதிகமா குடுத்தாங்க, அது கூட பரவால்ல. தன் குரூப்புக்கு மொத்தத்துல கொஞ்சம் கொறஞ்சாலும் சரி, அடுத்த குரூப்ப விட வித்தியாசம் பெருசா இருக்கணும்னு பாத்தாங்களாம். 1971ல வந்த ஆராய்ச்சி. பகை இல்ல, பழைய கணக்கு இல்ல, ரெண்டு படம்தான். எங்க வீட்டுல ரெண்டு உருளக்கெழங்கு.

என்ன ரொம்ப உறுத்துனது என்னன்னா, நான் யாருங்கறது அந்த நிமிஷத்துல மாறுனது. அன்னிக்கு காலையில எந்திரிச்சப்ப நான் மன்னார்குடிக்காரி, மத்தியானம் சாப்பிட உக்காந்தப்ப ஈசூன்காரி. ஒம்போது வருஷத்துல சமையல் பழகுனது, மலாய் கொஞ்சம் பழகுனது, பொண்ணு பெத்தது எதுவும் செய்யாதத, "இல்லம்மா?"ங்கற ஒரு சொல்லு செஞ்சிருச்சு.

அடுத்து ரெண்டு வருஷத்துல சிட்டிசன்ஷிப் வந்துச்சு. இந்திய பாஸ்போர்ட்ட ஒப்படைச்சேன், இந்தியாவுல ரெட்டைக் குடியுரிமை கெடயாதே. நிரந்தரவாசியோட நீல ஐசிய, அதான் அடையாள அட்டைய, குடுத்துட்டு குடிமக்களோட பிங்க் ஐசி. சமூக மன்றத்துல விழா, கூட்டமா நின்னு கைய நெஞ்சுல வச்சு உறுதிமொழி சொன்னோம், இங்கிலீஷ்ல. கைக்கு வந்த அட்டைய திருப்பி பாத்தா, பேரு, பொறந்த நாடு, அப்பறம் இனம்ங்கற எடத்துல இந்தியர். அன்னிக்குத்தான் இந்தியாவ எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன், அட்டை சொல்லுது இந்தியர். பொறந்ததுலேருந்து இந்தத் தீவ விட்டு குடிபோகாத எங்க அத்தை அட்டையிலயும் இந்தியர்தான். எவ்வளவு தூரம் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வேறன்னு காட்டிக்கிட்டு திரிஞ்சோம், கவர்மெண்ட் கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒரே பொட்டி. கவர்மெண்ட் அடுக்குமாடி வீடு வாங்கப் போனா பிளாக்ல எத்தன இந்தியர் இருக்கலாம்னு 1989லேருந்து கணக்கு இருக்கு, அந்தக் கணக்குலயும் நானும் அத்தையும் ஒரே பக்கம்தான். அத்தை என் அட்டைய வாங்கி கண்ணுகிட்ட வச்சு பாத்துட்டு, "இப்பதான் நம்ம ரெண்டு பேர் அட்டையும் ஒரே கலரு"ன்னாங்க. நம்ம! ஆனா அத நான் கணக்குல சேத்துக்கல, ஏன்னா அந்த எடத்துல வேற சொல்லு போட இலக்கணமே விடாது.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, அந்த உறுதிமொழிய நாலு மொழியிலயும் தேடி பாத்தேன். 1966ல அப்ப சிங்கப்பூர் அமைச்சரா இருந்த ராஜரத்தினம் எழுதுனது, அவரு யாழ்ப்பாணத்துல பொறந்து மலாயாவுல சிரம்பான்ல வளந்தவரு. அவரோட மொத வரைவுல இனம், மொழி, மதம் வேற்றுமைகள மறப்போம்னு இருந்துச்சு, கடைசி இங்கிலீஷ்ல அது 'பாராம'ங்கற மாதிரி மாறிருச்சு. தமிழ்ல மட்டும் இன்னும் 'வேற்றுமைகளை மறந்து'ன்னே இருக்கு. என் கண்ணு அதுலயும் நிக்கல, மொத வரியிலயே நின்னுருச்சு. தமிழ்ல, "சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம்." மலாய்ல, "காமி, வார்கனெகாரா சிங்கப்பூரா." ஒரே வாக்கியம், ஒரே நாடு. தமிழ்ல கேக்கறவனும் உள்ள. மலாய்ல கேக்கறவன் வெளிய. தமிழ்ல சொல்றப்ப பக்கத்துல நிக்கிறவன்கிட்ட சொல்ற மாதிரி, மலாய்ல சொல்றப்ப வெளிய நிக்கிற உலகத்துகிட்ட சொல்ற மாதிரி. ரெண்டுமே சரியாத்தான் படுது எனக்கு. வீட்டுக்காரர எழுப்பி இத சொன்னேன். "நாளைக்கு வேல இருக்கு"ன்னு திரும்பி படுத்துட்டாரு. கொயட் டைப் பொண்டாட்டி ராத்திரி ஒரு மணிக்கு இலக்கணம் பேசறா, பாவம் அவரும் என்ன பண்ணுவாரு.

அத்தைக்கு இப்ப எழுவத தாண்டிருச்சு. முட்டி வலி, அடுப்புகிட்ட ரொம்ப நேரம் நிக்க முடியாது, ஹால்ல உக்காந்து டிவி பாக்கறாங்க. காது பாதி கேக்கும், எது கேக்கக்கூடாதோ அது மட்டும் முழுசா கேக்கும். சமையல்கட்டு என் கையிலதான், இன்னும் அவங்க மாதிரியேதான் வைக்கிறேன், பழகிருச்சு. கொழுந்தன் குடும்பம் பொங்கோல்ல தனி வீடு. ஓர்ப்படிக்கும் எனக்கும் இப்ப நல்ல ஒட்டு, அதுக்கு காரணம் ரெண்டு பேரும் சேந்து அத்தைய பத்தி பேசறதுதான், வேற ஒண்ணும் பெருசா இல்ல. அந்த ஞாயித்துக்கெழமய பத்தி மட்டும் நாங்க பேசுனதே இல்ல.

போன சனிக்கெழம பொண்ணு 'நாங்க சாப்பிட போறோமா'ன்னு கேட்டு என்ன கிளறி விட்டுட்டா. சாப்பிட்டு முடிச்சு பாத்திரம் கழுவிக்கிட்டே ஓர்ப்படிக்கு ஃபோன் போட்டு, எப்படியோ ஆரம்பிச்சு, சொல்லிட்டேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா. எங்கம்மா வீட்டுல உருளக்கெழங்கு இல்லாம மட்டனே கெடயாது. உன்ன தனியா விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் சிரிக்கறா. "அக்கா, எங்க வீட்டுல நாங்க போடவே மாட்டோம். எங்கம்மாவுக்கு கறியில கெழங்கு போட்டா பிடிக்காது."

"அப்பறம் எதுக்கு உரிச்ச?"

"அவருதான் சொன்னாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிக்கிட்டே இருப்பாரு. எங்க வீட்டு மட்டன்ல பெருசு பெருசா உருளக்கெழங்கு கெடக்கும், அந்த மாதிரி எங்கயும் சாப்பிட்டதில்லன்னு. சரி, இந்த வீட்டு பழக்கம் போல, நல்ல பேரு வாங்கிருவோம்னு உரிச்சேன். அத்தை வேணாம்னதும் எனக்கு ஒண்ணுமே ஓடல. அவருகிட்ட கேட்டா, இல்லயே, எங்க வீட்டுல போடுவாங்களே, என்எஸ்லேருந்து வந்தப்ப சாப்பிட்டேனேன்னு சண்ட போடறாரு."

குழாய நிறுத்திட்டேன். ஈரக்கையோட ஃபோன புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னேன். எங்க வீட்டு மட்டன். 2008ல அந்தப் பய மூணு தடவ சோறு போட்டு தின்னுட்டு ஒரு வார்த்த சொல்லாம போயி படுத்தானே. இல்ல, ரெண்டு தடவ.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமேடி"ன்னேன்.

"நீங்கதான் போட மாட்டோம்னு தலையாட்டிட்டீங்களேக்கா. நான் என்னன்னு சொல்றது?"

கையி ஈரமா இருக்குன்னு ஃபோன ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன் போல, கவனிக்கல. ஹால்லேருந்து டிவி சத்தத்தையும் தாண்டி அத்தை கொரலு வருது.

"யாரு? யாரு என் வீட்டு மட்டன்ல உருளக்கெழங்கு போட்டது?"

"நாங்கதான் அத்தை"ன்னோம், ரெண்டு பேரும், ஒரே நேரத்துல.